பேய்க்கதைகளைச் சேர்ந்து படிப்பது குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளை நூலகங்களில் கூடும் வாசகர் வட்டங்கள் பேய், பிசாசு, பாழடைந்த மாளிகை என்று அச்சமூட்டும் கதைகளை எடுத்து விவாதிப்பது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்றும், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்தில் அதற்கு இடமளிக்கக் கூடாது என்றும் அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் படித்தேன். மன்னார்குடி வட்டத்தில் அப்படிக் கூடும் வாசகர் குழு ஒன்றில் நானும் உறுப்பினன். அவர் கண்டித்திருக்கும் வகையைச் சேர்ந்த கதைத் தொகுப்பு ஒன்றை வரி வரியாகச் சேர்ந்து படித்து வருபவர்களில் ஒருவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அந்தத் தொகுப்பு கடையில் வாங்கியது அன்று. ஆங்கிலம் நன்கறிந்த உறுப்பினர்கள் மொழிபெயர்த்துத் தந்த கதைகளோடு தமிழ்க் கதைகளையும் சேர்த்து, ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கொரு படியாக வைத்திருக்கிறோம். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கையிலுள்ள படியைப் பார்த்தபடி கேட்பார்கள். எங்களுக்குள் ஒரே ஒரு விதிதான் உண்டு. கதையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், அது எந்த வரியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அன்பருக்கு நான் சொல்ல விரும்புவது இந்த விதியைப் பற்றித்தான். பேயைப் பற்றிய பேச்சு திண்ணையில் ஒருவர் சொல்ல மற்றவர் வாய்பிளந்து கேட்பதாக இருக்கும்வரை நம்பிக்கையாகவே இருக்கிறது. அதே பேச்சு, எழுத்தை நடுவில் வைத்துப் பலர் கூடி வாதாடுவதாக மாறும்போது ஆதாரம் கேட்கும் பழக்கமாகிவிடுகிறது. நான் இதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய அஷர் மாளிகையின் வீழ்ச்சியைத்தான் முதலில் எடுத்துக்கொண்டோம். ஒரு குட்டையின் கரையில் நிற்கும் பழைய மாளிகை. அதில் இரட்டையராகப் பிறந்த அண்ணனும் தங்கையும் மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள். நோயுற்ற தங்கை இறந்துவிட்டாள் என்று நிலவறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். புயலடிக்கும் ஓர் இரவில் அவள் எழுந்து வந்து அண்ணன்மேல் சாய, இருவரும் மடிகிறார்கள், வீடு பிளந்து குட்டைக்குள் போகிறது. கதைசொல்லி அந்த மாளிகையை முதன்முதலில் பார்க்கும்போதே, கூரையிலிருந்து கோணல்மாணலாக இறங்கிக் குட்டைத் தண்ணீரில் மறைகிற, சட்டென்று கண்ணுக்குப் புலப்படாத ஒரு விரிசலைச் சொல்லிவிடுகிறான். அந்த வரியை வாசித்ததும், வாழ்நாளெல்லாம் கொத்தனார் வேலை பார்த்து இப்போது ஓய்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிறுத்தச் சொன்னார். “தம்பி, இது பூச்சு வெடிப்பு இல்லை. அஸ்திவாரம் இறங்கிடுச்சு. இந்த வீடு நிக்காது” என்றார். மேற்பூச்சில் விழும் வெடிப்பு நூல் நூலாக ஓடி அங்கேயே நின்றுவிடும் என்றும், அடித்தளத்தின் ஒரு பக்கம் அமுங்கினால்தான் விரிசல் கட்டுமானத்தின் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகக் கீழிறங்கும் என்றும், நம் பக்கத்துக் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து மழைக்காலத்தில் ஊதிக்கொள்வதால் குளத்தங்கரையில் எழுப்பிய வீட்டுக்குத் தண்ணீர்ப் பக்கத்து மூலைதான் முதலில் சரியும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அதுவரை அந்தக் கதையை அறியாத அவர், முதல் சில பத்திகளிலேயே அதன் முடிவைச் சொல்லிவிட்டார். விரிசலைப் போ வெறும் அலங்காரத்துக்காக வைக்கவில்லை என்பதும், அச்சமூட்டும் கதையை எழுதுகிறவன் எவ்வளவு கணக்காக எழுத வேண்டியிருக்கிறது என்பதும் அன்று எங்கள் அனைவருக்கும் விளங்கின.

பேச்சு அதோடு நிற்கவில்லை. ரேழியும் கூடமும் முற்றமும் இரண்டாங்கட்டுமாகக் கட்டப்பட்டு, பாகப்பிரிவினை வழக்கினாலோ வாரிசுகள் வெளிநாட்டில் தங்கிவிட்டதாலோ பூட்டிக் கிடக்கும் வீடு நம் ஊர்களில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கிறது. அவற்றில் பலவற்றைப் பற்றிப் பேய்க்கதை உண்டு. ஏன் அந்த வீடுகளைப் பற்றி மட்டும் கதை பிறக்கிறது என்று ஒருவர் கேட்டார். விவசாயத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் அதற்குச் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன். 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டதும், கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும் இம்மாவட்டங்களில் அறியாதவர் இல்லை. “ஒரு பொண்ணை உயிரோட அடைச்சதுக்கே மாளிகை இடிஞ்சு விழுந்ததுன்னு இவர் எழுதியிருக்கார். நம்ம பக்கம் அத்தனை பேர் எரிஞ்சும் எந்தப் பெரிய வீடும் விழலையே” என்றார் அவர். மாளிகை தன் பாவத்தின் பாரத்தால் தானே இடிந்து விழும் என்ற நம்பிக்கை இந்த வகைக் கதைகளின் உள்ளே இருக்கிறது என்பதையும், அந்த நம்பிக்கைக்கு வாழ்க்கை எப்போதும் இடமளிப்பதில்லை என்பதையும் எந்த விமர்சன நூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அவருடைய கேள்வியிலிருந்து நம்முடைய தெய்வங்களுக்கு வந்து சேர்ந்தோம். மேலைநாட்டுக் கதையில் அநியாயமாகச் செத்தவர் வீட்டுக்குள் திரும்பி வந்து அச்சுறுத்துகிறார். காவிரிக் கரையில் கழுவேற்றப்பட்ட காத்தவராயனோ ஊருக்குக் காவலாக நிற்கிறான். கொன்றதைக் கதையாகப் பாடி, ஆண்டுதோறும் கழுமரம் நட்டுத் திருவிழா எடுக்கிறார்கள். இறந்தவரை மறைத்து நிலவறையில் பூட்டுகிற வழக்கத்துக்கும் ஊரறிய நடுவெளியில் நிறுத்துகிற வழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பெரியது. இதில் எது மேல் என்று நாங்கள் முடிவு கட்டவில்லை. தெய்வமாக்கிவிட்டால் கொன்றவனைக் கேள்வி கேட்பது நின்றுவிடுகிறது என்று கல்லூரி மாணவி ஒருவர் சொன்னதும் சரியாகவே பட்டது.

ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் வெளியிட்ட குரங்குப் பாதத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவர் கொண்டுவரும் உலர்ந்த குரங்கின் பாதம் மூன்று வரங்கள் தரும். வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு பணம் வேண்டும் என்று கிழவர் கேட்கிறார். மறுநாள், மகன் வேலை செய்யும் ஆலையிலிருந்து ஒருவர் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான், நிறுவனம் எவ்விதப் பொறுப்பும் ஏற்காது, ஆயினும் அவன் உழைப்பைக் கருதி ஒரு தொகை தருகிறது என்கிறார். தொகை 200 பவுண்டு. புதைத்த மகனைத் திரும்ப வரச் சொல்லும்படி தாய் மன்றாடுவதும், நள்ளிரவில் கதவு தட்டப்படுவதும், அவள் தாழ்ப்பாளை நீக்குவதற்குள் தந்தை மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுவதும், திறந்த கதவுக்கு வெளியே தெருவிளக்கும் வெறும் சாலையும் மட்டும் இருப்பதும் பின்பாதி.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர், கதையில் தமக்கு அடிவயிற்றைக் கலக்கிய இடம் நிறுவனத்து ஆள் வாசலில் வந்து தயங்கித் தயங்கி நிற்கும் இடம்தான் என்றார். அவர் வரியைக் காட்டினார். வந்தவர் நல்ல உடை உடுத்தியிருக்கிறார், பளபளக்கும் புதிய தொப்பி அணிந்திருக்கிறார், படலைத் திறக்க மனமில்லாமல் வாசலைக் கடந்து கடந்து போகிறார். கதவைத் தட்டும் பிணத்தை ஜேக்கப்ஸ் ஓரிடத்திலும் காட்டவே இல்லை, ஆனால் இந்த மனிதரை அங்க அடையாளங்களோடு காட்டுகிறார் என்பதை அவர் எடுத்துச் சொன்னபிறகுதான் நாங்கள் கவனித்தோம். எங்கள் குழுவில் ஒரு தாய் இருக்கிறார். அவருடைய மகன் வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போய் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவர். பெட்டியில் உடலும், பின்னால் ஒரு தொகையும், பொறுப்பேற்காத ஒரு கடிதமும் வந்தன. கதையில் கிழவர் மூன்றாவது வரத்தைக் கேட்டுவிட்டது சரியா என்று விவாதம் நடந்தபோது, சரிதான் என்றே ஏறக்குறைய எல்லாரும் சொன்னோம். அவர் மட்டும், “எப்படி இருந்தாலும் எம்புள்ளதானே, நான் கதவைத் தொறந்திருப்பேன்” என்றார். அந்தத் தொகையை வாங்கிய நாளைப் பற்றியும் அந்தக் கடிதத்தைப் பற்றியும் அவர் வெளியாரிடம் பேசியது அதுவே முதல்முறை. இப்படி ஒருவர் வாய்திறந்து பேச நம் ஊரில் வேறெந்த இடம் இருக்கிறது என்று அன்பர் யோசித்துப் பார்க்க வேண்டும். துக்கம் விசாரிக்க வருபவர்கள் ஆறுதல் சொல்லுவார்கள், அவ்வளவுதான். கதையைப் பற்றிப் பேசுகிறோம் என்ற போர்வை அவருக்கு வேண்டியிருந்தது.

இனி மூடநம்பிக்கை என்ற குற்றச்சாட்டுக்கு நேராக வருகிறேன். அன்பரின் கவலையை நான் மதிக்கிறேன். பேய் பிடித்தது என்று சொல்லிப் பெண்களை வேப்பிலையாலும் சாட்டையாலும் அடிப்பது இன்றும் நடக்கிறது. தர்காவில் குணமாகும் என்று நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவந்து விட்ட ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் மாதம் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் மாண்டதை நம் தலைமுறை மறக்கக் கூடாது. ஆனால் இந்தக் கொடுமையைப் பற்றி எங்கள் ஊரில் மனம்விட்டுப் பேசிய ஒரே கூட்டம், அச்சமூட்டும் கதை ஒன்றை முன்னிட்டுக் கூடிய கூட்டம்தான்.

அமெரிக்காவின் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892-இல் வெளியிட்ட மஞ்சள் சுவர்த்தாளைப் பற்றிய கதை அது. குழந்தை பெற்ற பின் மனம் தளர்ந்திருக்கும் ஒரு பெண்ணை, மருத்துவரான அவளுடைய கணவன், ஓய்வுதான் மருந்து என்று சொல்லி ஒரு மாடி அறையில் வைக்கிறான். சன்னல்களில் கம்பி போட்டிருக்கிறது. கட்டில் தரையோடு ஆணியடிக்கப்பட்டிருக்கிறது. எழுதக் கூடாது, யாரோடும் அதிகம் பேசக் கூடாது. சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் தவழ்ந்து தவழ்ந்து வெளியேறப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றத் தொடங்குகிறது. முடிவில் தாளைக் கிழித்துவிட்டு அவளே தவழ்கிறாள், கதவைத் திறந்து பார்த்த கணவன் மயங்கி விழ, அவன்மேல் ஏறித் தவழ்ந்து சுற்றி வருகிறாள். கில்மன் இத்தகைய ஓய்வுச் சிகிச்சையால் தாமே வதைபட்டவர். அந்தச் சிகிச்சையை அளித்த மருத்துவருக்குக் கதையை அனுப்பிவைத்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த மாலையில் ஆண்கள் நாங்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் காரணமில்லாமல் அழுததற்காகத் தம்மைக் கொல்லைப்புற அறையில் தனியே படுக்கவைத்ததையும், மந்திரித்துக் கயிறு கட்டியதையும் ஒரு பாட்டி சொன்னார். அவர் சொன்ன பிறகு வேறு சிலரும் பேசினார்கள். குழுவில் உள்ள கிராம சுகாதார செவிலியர், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு எப்படித் தொடங்கும், எந்த அறிகுறி கண்டால் உடனே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று விளக்கினார். சுகாதார முகாம் என்று அறிவித்திருந்தால் அந்தப் பெண்களில் பாதிப்பேர் வந்திருக்க மாட்டார்கள். பேய்க்கதை என்றுதான் வந்தார்கள், வந்த இடத்தில் பேய் பிடித்தது என்று ஊர் சொன்னது ஒரு நோய் என்று தெரிந்துகொண்டு போனார்கள். அன்பர் அஞ்சுவதற்கு நேர்மாறான விளைவு இது.

எல்லாக் கதையும் இப்படி விளக்கத்தோடு முடிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். புதுமைப்பித்தனின் காஞ்சனையைப் படித்தபோது குழு இரண்டாகப் பிரிந்தது. பிச்சை கேட்டு வந்தவளை இரக்கப்பட்டு மனைவி வேலைக்கு வைத்துக்கொள்ள, எழுத்தாளனான கணவனுக்கு மட்டும் இரவில் என்னென்னவோ புலப்படும் அந்தக் கதையில், வந்தவள் பேயா அல்லது அவனுடைய மனம்தான் அப்படிக் காட்டுகிறதா என்று வாதம் எழுந்தது. இரு தரப்பும் வரிகளைக் காட்டின. ஒரு தரப்பு காட்டிய வரியையே மறு தரப்பு தனக்குச் சாதகமாகத் திருப்பியது. கதையைச் சொல்பவன் அரைத்தூக்கத்தில் இருந்த இடங்கள் எவை, விழித்திருந்த இடங்கள் எவை என்று ஓர் ஆசிரியை பென்சிலால் கோடிட்டுக் கொண்டுவந்தார். புதுமைப்பித்தன் தீர்ப்புச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்பதையே கடைசியில் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நம் ஊரில் பேயைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி, கோழி அறுக்காமலும் கயிறு கட்டாமலும், சாட்சி சொல்பவனின் நம்பகத்தன்மையை மட்டும் அலசிக் கலைந்த கூட்டம் வேறு எது?

தாகூர் 1895-இல் எழுதிய பசித்த கற்களைப் பற்றி ஒன்றே ஒன்று. பாழடைந்த அரண்மனையில் தங்கும் வரி அதிகாரியின் அனுபவம் ஒரு ரயில் நிலையத்தில் சொல்லப்பட்டு, முக்கியமான இடத்தில் வண்டி வந்துவிடுவதால் அறுந்துபோகிறது. அந்தக் கோபம் எங்களில் சிலருக்கு இன்னும் தீரவில்லை.

இவையெல்லாம் அயலார் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாதவை என்றும் அன்பர் எழுதியிருந்தார். செம்மங்குடியில் பிறந்த எழுத்தாளர் மௌனியின் கதையில் கோயில் தூணின் யாளி உயிர்பெறுவதையும், காதுக்குள் இடையறாது குரல்கள் கேட்கும் ஒருவனின் வதையை நாவலாக்கிய கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராமுக்கு அதற்காகவே 1993-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததையும் அவருக்கு நினைவூட்டுகிறேன். இருளையும் மனத்தின் திகிலையும் எழுதுவதில் இந்த டெல்டா யாருக்கும் பின்தங்கியதில்லை. அதோடு, அச்சமூட்டும் கதைகளைக் கூடி உட்கார்ந்து படிப்பதே இந்த இலக்கியத்தின் பிறப்போடு சேர்ந்த பழக்கம். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் குளிரும் மழையுமாக இருந்தபோது, ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் அடைபட்டிருந்த நண்பர்கள் பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றை உரக்கப் படித்துப் பொழுதைக் கழித்தார்கள். ஆளுக்கொரு கதை எழுதலாம் என்று அவர்களில் ஒருவரான கவிஞர் பைரன் சொல்ல, அப்போது 18 வயதான மேரி (பின்னாளில் மேரி ஷெல்லி) தொடங்கிய கதைதான் 1818-இல் ஃபிராங்கன்ஸ்டைன் என்று வெளிவந்தது. நம் ஐப்பசி அடைமழை மாலைகளை இதைவிட நன்றாகப் பயன்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.

நூலகத்தின் வரிப்பணம் பற்றிய பேச்சுக்கும் விடை சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிற குடிமக்களே எங்கள் குழுவில் இருக்கிறார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதும் உண்டு. அதே 1931-இல்தான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நடமாடும் நூலகமாகப் புத்தகம் போனது. அப்படிப்பட்ட வட்டாரத்தில், எந்த வகைக் கதையைப் பெரியவர்கள் படிக்கலாம் என்று வெளியிலிருந்து ஒருவர் வரம்பு கட்டுவது எனக்கு வருத்தமளிக்கிறது. சிறு பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் இத்தகைய கதைகளை உரக்க வாசிக்கக் கூடாது என்று அவர் சொன்னது மட்டும் நியாயம். நாங்கள் சிறுவர் பகுதி மூடிய பிறகே கூடுகிறோம்.

நூலகத் துறை அலுவலர்களுக்குத் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள். ஒரு கடிதத்தை வைத்து இத்தகைய கூட்டங்களுக்குத் தடை விதிக்காமல், நேரில் வந்து ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கிளை நூலகத்தின் மாடியில் மாலை நேரத்துக்கு ஒரு குழல்விளக்கும் கூடுதலாகச் சில நாற்காலிகளும் கிடைத்தால் முதியவர்களுக்கு உதவியாக இருக்கும்.

கடிதம் எழுதிய அன்பரையும் அழைக்கிறேன். போவின் இன்னொரு கதையை அடுத்துப் படிக்க இருக்கிறோம். கிழவனைக் கொன்று தரைப்பலகைக்கு அடியில் மறைத்தவன், அந்த இதயம் இன்னும் துடிக்கிறது என்று அலறி, விசாரிக்க வந்த காவலர்களிடம் தானே உண்மையைக் கக்கிவிடும் கதை அது. 1843-இல் வெளிவந்தது. அவன் கேட்டது யாருடைய இதயத்தை என்பதில் குழுவுக்குள் இப்போதே கருத்து வேறுபாடு தொடங்கிவிட்டது. அன்பர் வந்து எதிர்த்தரப்பில் உட்கார்ந்து வாதாடலாம். அவருக்கும் ஒரு படி எடுத்து வைத்திருக்கிறோம். வரியைக் காட்ட வேண்டும் என்ற விதி அவருக்கும் பொருந்தும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாசகர் குழு உறுப்பினர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.